அமாரோ என்றால் கைப்பு, வேறொன்றுமில்லை

1. மூடியைத் திறந்த காலை

ஒரு திங்கட்கிழமை காலை என் முதலாளி மரீசா சமையலறைக்குள் வந்து, அடுப்பில் இருந்த பெரிய பானையின் மூடியைத் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டு, மூடியைக் கையில் வைத்தபடியே பக்கத்துக் கதிரையில் அமர்ந்துவிட்டார். நான் கைகட்டி நின்றேன். பாராட்டு வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன் என்பதை இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

"பாலா, இதை ஆர் செய்தது?"

"நான்தான். நேற்று லீவெண்டாலும் வந்து செய்து முடிச்சிட்டன்."

அவர் மறுபடி பானைக்குள் பார்த்தார். எட்டு லீற்றர் தண்ணீர் ஒரு லீற்றராக வற்றி, தார் நிறத்தில் கிடந்தது. அந்த வாரம் என் வாழ்க்கைக்கே தேவையான ஒரு கடிதத்தை அவர் கையால் வாங்க வேண்டியிருந்தது. அதனால்தான் இவ்வளவு கெட்டிக்காரத்தனமும்.

மரீசாவின் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. அவர் சொன்னவற்றை எனக்கு விளங்கியபடி எங்கள் பேச்சிலேயே தருகிறேன்.

2. தட்டிலிருந்து பாருக்கு

எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கிற டிஸ்பென்சராக இருந்தவன் நான். அதற்கு முன்னர், பள்ளிக்கூட விடுமுறைகளில் மாமாவின் மருந்துச் சரக்குக் கடையில் வேர், பட்டை, காய் என்று நிறுத்துக் கட்டிக் கொடுத்தவன். இங்கிலிஷ் மருந்தும் தெரியும், நாட்டு மருந்தும் தெரியும் என்ற கர்வம் எனக்கு எப்போதும் உண்டு. அந்தக் கர்வத்தோடு லண்டனுக்கு வந்து இறங்கியவனுக்குக் கிடைத்த வேலை, ஸ்ட்ரெதமில் ஒரு சிறிய இத்தாலிய ரெஸ்ரோரண்டில் தட்டுக் கழுவுவது.

இரண்டு வருடம் கழுவினேன். வேலையில் எனக்குக் குறை இல்லை. அதை ஊருக்கு எழுதுவதில்தான் குறை. மனைவி யோகா முதல் கடிதத்திலேயே "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தாள். "பழைய வேலைதான்" என்று எழுதிவிட்டேன். ஒரு பொய் தனியாக இருக்காது. அடுத்த கடிதத்தில் ஆஸ்பத்திரி வந்தது, அதற்கடுத்ததில் வெள்ளை கோட் வந்தது. டொக்டர்மார் என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள் என்றுகூட ஒருமுறை எழுதினேன். சிங்க்கில் சலவைச் சோடாத் தண்ணீர் பட்டு வெடித்த விரல்களால் அதை எழுதினேன்.

பிறகு பாரில் நின்றவன் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். மரீசா ஆள் தேடவில்லை. "நீ மருந்து கலந்தவன்தானே, இதையும் கல" என்று என்னைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டார். மரீசாவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கணவர் இல்லை. சமையல், கணக்கு, வாக்குவாதம் எல்லாவற்றையும் தனி ஆளாகப் பார்த்தார். அவரிடம் நல்ல பெயர் வாங்குவது லேசான காரியம் அல்ல.

பாரில் முதல் நாள், போத்தல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் படித்தேன். கடைசித் தட்டில் இருந்த இரண்டு போத்தல்களில் மட்டும் லேபல் இல்லை. மூடியைத் திறந்து மணந்தேன். ஏலம், கராம்பு, அதிமதுரம், தோடம்பழத் தோல். இவற்றுக்கு அடியில் ரேவல்சின்னிக் கிழங்கு. மாமாவின் கடைக்குள் நிற்பது போலவே இருந்தது. கண் கலங்கிவிட்டது. சாராயத்தின் நெடி ஏறியதாக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"இது என்ன மருந்து?" என்று கேட்டேன்.

"மருந்தில்லை. அமாரோ. வீட்டிலயே செய்யிறது. சாப்பாடு முடிஞ்சாப் பிறகு ஒரு சின்னக் கிளாஸ். காசு வாங்கக் கூடாது. ஆருக்குக் குடுக்க வேணும் எண்டு நான் கண் காட்டுவன், நீ வார்."

3. லத்தீன் வாத்தியார்

போகிற அவசரத்திலும் பழைய பார்க்காரன் எனக்கு ஒரு கதை சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போனான். அமாரோ என்ற பெயர் அமோரே என்ற சொல்லிலிருந்து வந்ததாம். அமோரே என்றால் காதல். காதல் கைக்கும், அதனால் இந்தப் பெயராம். அந்தக் கதையை நான் மேசை மேசையாக விற்றேன். பெண்கள் சிரிப்பார்கள், ஆண்கள் பெருமூச்சு விடுவார்கள், டிப்ஸ் கிண்ணத்தில் சில்லறை விழும்.

சனிக்கிழமைகளில் மத்தியானம் மிஸ்டர் பென்னிங் என்பவர் தனியாக வந்து ஜன்னல் ஓரம் சாப்பிடுவார். ஆண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் லத்தீன் படிப்பிக்கிறவர். ஒருநாள் அவரிடமும் கதையை விட்டேன். மனிதர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"அழகான கதை. ஆனால் முழுப் பொய்" என்றார். "லத்தீனில் அமாருஸ் எண்டொரு சொல் இருக்கு. அதுதான் இத்தாலியனில் அமாரோ. அர்த்தம், கைப்பு. காதலுக்கு லத்தீனில் இருக்கிறது வேற சொல். ரெண்டும் காதுக்குத்தான் ஒண்டு போலக் கேக்கும், குடும்பம் வேற."

"அவ்வளவுதானா? கைப்பான ஒண்டுக்குக் கைப்பு எண்டே பேரா?" எனக்குப் பெரிய ஏமாற்றம்.

"அவ்வளவுதான். அதுக்குப் பக்கத்தில நிக்கிற வெர்மூத் போத்தலும் அப்படித்தான். அதில போடுற ஒரு கைப்பு மூலிகையின்ர ஜெர்மன் பேர் அது."

பிறகு கொஞ்சம் யோசித்து, அமாருஸ் என்ற சொல்லையும் சமஸ்கிருதத்தில் புளிப்பைக் குறிக்கும் அம்ல என்ற சொல்லையும் ஒரே வேரில் சேர்க்கிற அறிஞர்களும் இருக்கிறார்கள், தான் அதற்குச் சத்தியம் செய்ய மாட்டேன் என்றார். டிஸ்பென்சரிப் போத்தல்களில் அமிலம், அமிலம் என்று ஒன்பது வருடம் வாசித்தவனுக்குப் புல்லரித்தது. சத்தியம் செய்யாமல் சொன்னதாலேயே அவர் சொன்னதை நம்பினேன். ஆனால் காதல் கதையை மட்டும் விடவில்லை. அவர் இல்லாத மேசைகளில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

4. டொஃபி

எனக்கு அந்தக் கிளாஸில் ஒரு மனக்குறை இருந்தது. வீட்டுக்கு வந்தவரை வழியனுப்பும்போது வாயில் இனிப்பு வைத்து அனுப்புகிறவர்கள் நாங்கள். கைப்பு கொடுத்து அனுப்பினால் இனி வராதே என்று சொல்வது போல இருக்காதா? மரீசாவிடம் கேட்காமல், என் கைக்காசில் டொஃபி வாங்கி, ஒவ்வொரு கிளாஸுக்குப் பக்கத்திலும் ஒன்று வைத்தேன்.

நாலாம் நாள் பிடிபட்டேன்.

"இது என்ன, குழந்தைப் பிள்ளையின்ர பிறந்த நாளோ?"

"கைக்குதெண்டு..."

"கைக்கத்தான் குடுக்கிறது! கைச்சால்தான் வயிறு வேலை செய்யும். இனிப்பெண்டு ஏமாத்திக் குடுக்க இது என்ன பேதி மருந்தோ?"

டொஃபிப் பையை என் கோட் பைக்குள் திணித்துவிட்டுப் போனார். கோலியர்ஸ் வுட்டில் என்னோடு ஒரே அறையில் இருந்த தங்கராசா அண்ணைதான் ஒரு கிழமையாக அதைத் தின்று தீர்த்தார்.

5. ஞாயிற்றுக்கிழமை செய்த கெட்டிக்காரத்தனம்

அந்த வருடம் ஒக்ரோபரில் இரண்டு விடயங்கள் ஒன்றாக வந்தன. ஒன்று, யோகாவுக்குக் கொழும்பில் விசா நேர்முகம். அதற்கு, எனக்கு நிலையான வேலை இருக்கிறது என்று முதலாளி எழுதிய கடிதம் வேண்டும். அந்த வியாழக்கிழமை கொழும்புக்குப் பறக்கிற ஒருவரின் கையில் அதைக் கொடுத்துவிட வேண்டும். கடிதத்தில் ரெஸ்ரோரண்ட் என்று இருந்து, யோகா ஆஸ்பத்திரி என்று சொன்னால் விசா அதோடு சரி. அதனால் அவளிடம் உண்மையையும் சொல்லியாக வேண்டும். கடிதத்தைத் திங்கட்கிழமை எழுதித் தருவதாக மரீசா சொல்லியிருந்தார். உண்மையை எப்போது சொல்வது என்று நான் இன்னும் நாள் குறிக்கவில்லை.

இரண்டாவது, இத்தாலியிலிருந்து ஒரு பார்சல். மரீசாவின் தம்பி மலையில் தோண்டிக் காயவைத்து, வருடத்துக்கு ஒருமுறை அனுப்புகிற ஜென்சியன் என்ற கைப்பு வேரும் மற்ற மூலிகைகளும். சனிக்கிழமை மாலை அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "திங்கட்கிழமை இதைப் பாப்பம், பெரிய பானையைக் கழுவி வை" என்று சொல்லிவிட்டுப் போனார் மரீசா.

பெரிய பானை என்றதும் என் மூளை ஓட ஆரம்பித்துவிட்டது. வேரும் பட்டையும் பெரிய பானையும் சேர்ந்தால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். குடிநீர், அதாவது கஷாயம், காய்ச்சுவது. எட்டுப் பங்கு தண்ணீர் விட்டு ஒரு பங்காக வற்ற வைப்பது. திங்கட்கிழமை மரீசா வரும்போது வேலை முடிந்திருந்தால் கடிதம் எவ்வளவு அழகாக வரும்! ஞாயிறு காலை என்னிடம் இருந்த திறப்பால் கடையைத் திறந்தேன். வேரை இடித்து, ரேவல்சின்னியை நறுக்கி, ஒரு துளியும் பொங்கி வழியவிடாமல் மாலை வரை பக்கத்திலேயே நின்று காய்ச்சினேன். அவ்வளவு கவனமாக நான் வேறொரு வேலையையும் செய்ததில்லை.

கதிரையில் இருந்தபடி மரீசா சொன்னார்: "பானை, கடைசியில சீனிப்பாகு காய்ச்சிறதுக்கு. வேருக்கு நெருப்பே காட்டக் கூடாது. கடும் சாராயத்தில, குளிரில, நாற்பது நாள் ஊற வேணும். இப்ப வாசமெல்லாம் கூரையால போயிட்டுது. கைப்பு மட்டும்தான் மிச்சம்."

"தம்பியிட்டச் சொல்லி இன்னொரு பார்சல்..."

"நானும் அவனும் கதைச்சு ஆறு வருசம்." அப்பாவின் காணியில் தொடங்கிய சண்டை. கடிதம் இல்லை, ரெலிபோன் இல்லை. வருடத்தில் ஒருமுறை அந்தப் பார்சல் மட்டும், உள்ளே ஒரு வரிகூட எழுதாமல் வரும். வந்தால் தம்பி உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். அதைத்தான் நான் காய்ச்சி வைத்திருந்தேன்.

என் கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

6. மேசை மேசையாக

செவ்வாய்க்கிழமை மரீசா ஒரே ஒரு உத்தரவு போட்டார். "இந்த வருசம் அமாரோ இல்லை. ஏன் இல்லை எண்டு நீயே ஒவ்வொரு மேசைக்கும் போய்ச் சொல்லு. கதை விடாமச் சொல்லு."

போத்தலில் மிச்சம் கிடந்ததை அவர் பூட்டி வைத்துவிட்டார். மத்தியானம் முதல் மேசையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். மேசைத் துணியை இரண்டு முறை இழுத்து நேராக்கினேன். "வேர் வந்தது. நான் பிழையாக் காய்ச்சிப் பழுதாக்கிப் போட்டன்" என்றேன். அந்தப் பெண் சிரித்தாள். அவள் கணவன் எப்படிக் காய்ச்சினாய் என்று விவரம் கேட்டான். இரண்டாவது மேசையில் ஒரு இத்தாலியக் கிழவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மூன்றாவது மேசையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நானாகவே நின்று சொன்னேன். மாலைக்குள் ஒரு விடயம் விளங்கியது. முதல் வசனம்தான் கஷ்டம். அது வாயை விட்டு வெளியே வந்துவிட்டால் மற்றது தானாக வரும்.

மிஸ்டர் பென்னிங் அந்தக் கிழமை சனிக்கிழமைக்குக் காத்திராமல் புதன்கிழமையே வந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, "அமாரோவைப் பற்றி நீ என்னிடம் சொன்ன முதல் உண்மை இதுதான்" என்றார்.

அன்று மாலை கோலியர்ஸ் வுட் அறைக்கு வந்தால், தங்கராசா அண்ணை ஒரு கவரோடு இருந்தார்.

"இஞ்சை பார் பாலா, அவ இனி எழுதித் தர மாட்டா. எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியன் கெமிஸ்ட் கடையில நிக்கிறான். லெற்றர்ஹெட்டில அடிச்சு வாங்கி வந்திட்டன். நீ அங்க டிஸ்பென்சர். யோகா தங்கச்சிக்குச் சொன்னதோட அப்பிடியே பொருந்துது. நீ ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

வாசித்தேன். இரண்டு வருடம் நான் எழுதிய பொய்களெல்லாம் அழகான ஆங்கிலத்தில், முத்திரையோடு இருந்தன. அண்ணை கெட்டவர் அல்ல. எனக்காக அரை நாள் சம்பளத்தை விட்டு அலைந்து வாங்கியிருந்தார். கவரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். வேண்டாம் என்று சொல்லும் துணிவு எனக்கு அப்போது இருக்கவில்லை.

7. வியாழக்கிழமை

காலையில் போனபோது மரீசா பாருக்குப் பின்னால் ரெலிபோனுக்கு முன்னே நின்றார். "நீயும் நில்லு. உன்னாலதானே" என்றார். இத்தாலியில் இருக்கிற தம்பியின் இலக்கங்களைச் சுழற்றும்போது அவர் விரல் இரண்டு முறை பிழைத்தது.

அந்தப் பக்கம் எடுத்தார்கள். முதலில் ஒரே கத்தல். எனக்கு விளங்கியது என் பெயரும் அமாரோவும்தான். பிறகு கத்தல் குறைந்தது. பிறகு மரீசா நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். ரிசீவரை வைத்தபோது கண் சிவந்திருந்தது.

"வேர் இனி அடுத்த வருசம்தானாம். தோண்டுற காலம் முடிஞ்சுது." பிறகு, "அவனுக்கு ஒரு மகள் இருக்காம். நாலு வயசாம். எனக்குத் தெரியாது" என்றார்.

நான் ஒரு கோப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு அவரே கேட்டார், "உன்ர கடிதம் எப்ப போக வேணும்?"

"இண்டைக்கு."

"ஏன் கேக்கேல்லை, மடையா?" டைப்ரைட்டரை எடுத்து மேசையில் வைத்தார். "என்ன வேலை எண்டு அடிக்க? மருந்து கலக்கிறவன் எண்டு அடிக்கட்டோ? உனக்கு அது பிடிக்கும்."

கேலியாகத்தான் கேட்டார். என் சட்டைப் பையில் இருந்தது அவருக்குத் தெரியாது. நான் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்.

"பாரில வேலை எண்டு அடியுங்கோ. அதுக்கு முதல் ரெண்டு வருசம் தட்டுக் கழுவினது எண்டும் அடியுங்கோ."

அடித்தார். கடைசியில் அவராகவே ஒரு வரி சேர்த்தார்: இவர் அடுத்த ஒக்ரோபரில் எனக்கு ஒரு வேலையைச் சரியாகச் செய்து தர வேண்டியிருக்கிறது, அதற்கு முன்னர் இவரை வேலையிலிருந்து விடுகிற எண்ணம் எனக்கில்லை.

கெமிஸ்ட் கடைக் கடிதத்தை உருளைக்கிழங்குத் தோல் போடுகிற வாளியில் கிழித்துப் போட்டேன். அண்ணை என்னோடு மூன்று நாள் பேசவில்லை. அதில் நியாயம் இருந்தது.

8. அந்த முதல் வசனம்

நேர்முகத்துக்கு இரண்டு நாள் முன்னர், கொழும்பு வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் வந்து நின்ற யோகாவுக்குத் தெருவோரப் போன் பெட்டியிலிருந்து போன் எடுத்தேன். சுகம் விசாரிக்கும் முன்னரே சொல்லிவிட்டேன்.

"யோகா, நான் ஆஸ்பத்திரியில வேலை செய்யேல்லை. ஒரு நாளும் செய்யேல்லை. சாப்பாட்டுக் கடையில தட்டுக் கழுவினனான். இப்ப பாரில நிக்கிறன்."

லைன் அறுந்துவிடாமல் இன்னொரு நாணயம் போட்டேன்.

"நான் எத்தினை பேருக்குச் சொல்லியிருக்கிறன் தெரியுமே உங்களுக்கு? எங்கட அம்மா கோயில் ஐயர் வரைக்கும் சொல்லிப்போட்டா."

"தெரியும்."

"என்ன தெரியும்? ஒண்டும் தெரியாது உங்களுக்கு." அழுகிறாள் என்று விளங்கியது. அழட்டும் என்று நின்றேன். நாணயம் நாணயமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், "சரி. கடிதத்தில கிடக்கிறதை வடிவாச் சொல்லுங்கோ. கேட்டால் நான் பிழை விடக் கூடாது" என்றாள்.

சொன்னேன். சிங்க், பார், மரீசா, காய்ச்சிய பானை எல்லாம் சொன்னேன். பானைக் கதையில் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. "ஆரையும் ஒரு சொல்லுக் கேட்டிருக்கேலாதோ?" என்றாள். பிறகு, "அந்தக் குடிவகைக்கு என்ன பேர்?" என்று கேட்டாள்.

"அமாரோ."

"அப்பிடியெண்டால்?"

"கைப்பு."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

இதை எழுதக் கேட்டவர்கள், இளையவர்களுக்கு அனுபவத்திலிருந்து ஏதாவது சொல்லச் சொல்கிறார்கள். தெரியாத வேலையில் நான் ஒருபோதும் பெரிய பிழை விட்டதில்லை, கேட்டுக் கேட்டுச் செய்ததால். பெரிய பிழை விட்டதெல்லாம் நன்றாகத் தெரியும் என்று நினைத்த வேலையில்தான். ஆகவே தெரிந்த இடத்தில் கேளுங்கள். பிழை விட்டால் அதன் பெயரை வைத்தே சொல்லுங்கள். அடுத்த ஒக்ரோபரில் நான் ஊறவைத்த அமாரோ தம்பி செய்வதைவிடச் சுமார்தான் என்று மரீசா சொன்னார். அதை ஒப்பிட்டுப் பார்க்க, தம்பியே மகளோடு லண்டனுக்கு வந்திருந்தார்.

யோகா அதற்கெல்லாம் முன்னரே, விசா கிடைத்து அந்தத் தை மாதத்தில் வந்து சேர்ந்தாள். ஹீத்ரோவில் தள்ளுவண்டியோடு வெளியே வந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் பெட்டியை எடுக்கக் கை நீட்டினேன். அவள் பெட்டியைத் தரவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பினாள். பாருக்கு வந்து எவ்வளவோ நாளாகியும் விரல் இடுக்குகளில் அந்த வெடிப்புகள் முழுதாக ஆறியிருக்கவில்லை. ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள்.

"இதை எழுதியிருக்கலாமே," என்றாள். "நான் வாசிச்சிருப்பனே."